ஆளுக்கொரு பங்கு

ஜூன் 6

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் கர்த்தருடைய தயவால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். போய்ச் சேர்ந்ததும் எழுதச் சொன்னாய். சாமான் இறக்கிய அலுப்பில் தள்ளிப்போட்டுவிட்டேன், திட்டாதே.

சபை ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. கீழே சுத்தியல் சத்தம், மேலே என் பிரசங்கம். எது அதிகமாக மண்டையில் இறங்குகிறது என்று எனக்கே சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போதவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம்தான் காற்று வாங்குகிறது. தையல் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா தவறாமல் வருவார். ஷிப்ட் இல்லாவிட்டால் ஒரு பஸ் டிரைவர் வருவார். அப்புறம் ஒரு பெரியவர். அவர் எதற்கெடுத்தாலும் 'ஸ்தோத்திரம்' சொல்லுவார். போன வாரம் கரண்ட் போனதற்கும் சொன்னார். ஸ்தோத்திரம் தாத்தா என்றால்தான் இங்கே எல்லாருக்கும் தெரியும்.

வருகிற நாலு பேரும் ஜெபிக்கும் விதம் ஆபீசில் மனு கொடுப்பதுபோல் இருக்கிறது. 'எல்லாரையும் ஆசீர்வதியும், எல்லாக் குறைகளையும் நீக்கும், ஆமென்.' யாருக்கு என்ன குறை என்று ஒருவரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் ஊர் வாயில் விழ வேண்டும் என்ற பயம். இந்தச் சபைக்கு ஜெபிக்கிற பழக்கம் வராமல் இங்கிருந்து நகர்வதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறேன்.

உனக்கு ஏதாவது ஜெப விண்ணப்பம் இருந்தால் எழுது. அத்தானிடம், இனிமேல் என் பிரசங்கம் இல்லாமல் தூக்கம் வருகிறதா என்று கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஜூன் 21

தம்பி,

உன் கடிதம் வந்தது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அதை எழுதவே இல்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். நீ புறப்பட்ட மறு வாரம் உன் அத்தான் வேலையில் விழுந்துவிட்டார். ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேருக்குப் போனவர், கால் வழுக்கி லிஃப்ட் பள்ளத்துக்குள் போய்விட்டார். கழுத்தெலும்பில் அடி. புது இடத்தில் கால் வைத்திருக்கிற உன்னைக் கலங்கடிக்க வேண்டாம் என்று எழுதவில்லை. இப்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். கண்ணாடிக் கடையில் முதலாளி எனக்கு அரை நாள் வேலை கொடுத்திருக்கிறார். நான் லென்ஸ் தேய்த்துவிட்டு வரும்வரை பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொள்கிறாள்.

வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. "உன் தம்பி பிரசங்கத்துல தூங்கினதுக்கு ஆண்டவர் என்னைப் படுக்கையிலயே போட்டுட்டார் பாரு" என்கிறார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

விண்ணப்பம் கேட்டாயே, அவருக்காக ஜெபியுங்கள். எனக்கென்று ஒன்றும் இல்லை. ஆண்டவரிடம் கேட்டு வாங்க எனக்கு வராது. அம்மா முழங்கால் போடச் சொன்னால் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன், ஞாபகம் இருக்கிறதா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. கூட்டத்தில் பிரசங்கத்துக்குப் பதிலாக உன் கடிதத்தையே எடுத்து வாசித்துவிட்டேன். நீ கோபித்துக்கொள்ளக்கூடாது. அத்தான் சொன்னதை வாசித்தபோது சிரித்தார்கள். சிரித்த கையோடு தையல்காரம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். "ஆண்டவரே, அந்த மனுஷனோட கைய அசைச்சுக் குடுங்க, அவர் வேலை செஞ்ச கை" என்று அவர் சத்தமாகக் கேட்டார். அந்த மாடியில் இப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ஆட்கள் கூடிவிட்டார்கள். கடிதம் வந்ததா என்றுதான் முதல் கேள்வி. எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டால் பழைய மனுவாகிவிடுமே என்று, அத்தானை ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் கொடுத்தேன். வலது கை தையல்காரம்மாவுக்கு. கால்கள் டிரைவருக்கு. இடது கை பள்ளிக்கூட டீச்சருக்கு. முதுகுக்குப் போட்டி வந்து, இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஸ்தோத்திரம் தாத்தா தாமதமாக வந்தார். எல்லாம் தீர்ந்துபோய் இடது கால் கட்டை விரல்தான் மிச்சம். "ஸ்தோத்திரம்" என்று வாங்கிக்கொண்டார்.

அத்தானுக்கு என் அன்பு. உடனே எழுது, சபையே காத்திருக்கிறது.

தம்பி


ஜூலை 29

தம்பிக்கு,

உன் சுகம் அறிய ஆவல். இங்கே வெயில் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

நீ எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். "என்னைக் கறிக்கடையில மாதிரி கூறு போட்டுட்டானா உன் தம்பி? ஜெபத்துக்கு ஆள் சேர்க்க என் முதுகெலும்புதானா கிடைச்சுது?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். அப்புறம் பார்த்தால் கண்ணோரம் ஈரம். முன்பின் தெரியாதவர்கள் தனக்காக முழங்கால் போடுவது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

இனி சொல்லப்போவதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பாய். புதன்கிழமை காலையில் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். இடது கால் கட்டை விரல் அசைந்தது. என் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபடி அசைந்தது. "தாமதமா வந்த கிழவர்தான் கெட்டிக்காரர், மத்தவங்களையும் கொஞ்சம் வேகமா கேட்கச் சொல்லு" என்றார் உன் அத்தான்.

ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. நெஞ்சில் சளி கட்டுகிறது. மூச்சு இழுக்கிறது. படுத்தே இருப்பவர்களுக்கு நெஞ்சைத்தான் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். நீ பிரித்துக் கொடுத்ததில் நெஞ்சு யாருக்கும் போகவில்லையே. யாரிடமாவது சொல்லிவை.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்பு அக்கா,

கட்டை விரல் அசைந்ததை வாசித்ததும் மாடி இடிந்து விழாத குறை. கீழே டயர் கடைக்காரர் பயந்துபோய் மேலே ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரும் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "என் விரல் அசைஞ்சிருச்சு" என்கிறார். டிரைவருக்குப் பொறாமை. தன் பங்கு பின்தங்கிவிட்டதே என்று வியாழக்கிழமையும் தனியாக வந்து முழங்கால் போடுகிறார். ஷிப்ட் இருந்தால் வெள்ளிக்கிழமைகூட எட்டிப் பார்க்காதவர் அவர்!

அக்கா, நான் ஆண்டவரிடம் கேட்டது இதைத்தான். நாற்காலிகளை எடுத்துவிட்டுப் பாய் விரித்துவிட்டோம். அடுத்த நல்ல செய்தியைச் சீக்கிரம் எழுது.

தம்பி


செப்டம்பர் 19

தம்பி,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததாகப் போட்ட கார்டு கிடைத்தது.

தந்தி கண்டதும் ஓடிவந்து, உன் கையால் அத்தானை அடக்கம் செய்தாய். முதல் பிடி மண்ணையும் நீதான் போட்டாய். மறு நாளே வெள்ளிக்கிழமைக் கூட்டம் என்று கிளம்பியதில் எனக்கு வருத்தம் இல்லை, உன் வேலை அப்படி. நான் கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். முன்னறைக் கட்டிலை இன்னும் மடக்கவில்லை.

மனசில் ஒன்று உறுத்துகிறது, கேட்டுவிடுகிறேன். உன் சபையிலிருந்து ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. அவரைக் கையென்றும் காலென்றும் பங்கு போட்டு எடுத்தவர்களுக்கு, போய்விட்டார் என்றதும் இரண்டு வார்த்தை வரவில்லையா? அவர் கடைசிவரை அவர்களைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தார். டிரைவர் கோபித்துக்கொள்வார் என்று காலை அசைக்க முயற்சி செய்வார். எனக்கு ஆறுதல் வேண்டாம். அவருக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், ஒரே களேபரம். சபையார் எல்லாரும் உன்னை விசாரித்தார்கள். எழுதத் தெரியாதவர்கள், எழுதக் கூச்சப்படுகிறவர்கள், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

கூட்டம் நன்றாக நடக்கிறது. மழைக்கு முன் ஒருமுறை வந்து பார்க்கிறேன்.

தம்பி


அக்டோபர் 20

போதகர் ஐயாவுடைய அக்காவுக்குத் தோத்திரம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. நான் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரருடைய வலது கை என் பங்கு. விலாசம் ஐயா மேஜையில் இருந்த கவரில் பார்த்து எடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை, கேட்டால் வேண்டாம் என்பார்.

இத்துடன் ஒரு சட்டை அனுப்பியிருக்கிறேன். கை தூக்க முடியாதவருக்குச் சட்டை மாட்டுவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும், என் மாமனார் அப்படித்தான் கிடந்தார். அதனால் பக்கவாட்டில் திறந்து, நாடா வைத்துத் தைத்திருக்கிறேன். படுத்தபடியே போடலாம். தையல் உடம்பில் உறுத்தாது. கை அசைந்ததும் எழுதுங்கள், பட்டன் வைத்து ஒன்று தைக்கிறேன், அவரே போட்டுக்கொள்ளட்டும்.

நாங்கள் வெள்ளி தவறாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஐயா ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து முன்போல் பேசுவதில்லை. உங்கள் கடிதத்தையும் வாசிப்பதில்லை. கட்டை விரலுக்குப் பிறகு எது அசைந்தது என்று கேட்டால், "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடிக்கொள்கிறார். நீங்களாவது ஒரு வரி எழுதுங்கள். அவருக்குச் சீக்கிரம் சுகம் கிடைக்கும், மனதைத் தளரவிடாதீர்கள்.

தையல்காரம்மா


நவம்பர் 1

தம்பி,

சுகம் விசாரிக்க எனக்கு இன்று மனசு இல்லை.

சட்டை வந்தது. கூடவே கடிதமும். அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படித்தேன். முதலில் எனக்குக் கோபம் வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் சந்தோஷம் வந்தது. உலகத்தில் ஒரு மாடியறையில் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், கை அசையப் போகிறது, சட்டை தைத்துவிட்டார்கள் என்று என் புத்தி நம்பியது. பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் நினைவு வந்தது. நீ அவரை எனக்கு ஒரு நிமிஷம் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பிடுங்கிக்கொண்டாய்.

மண்ணைப் போட்ட கையோடு போய், அந்தக் கால்களுக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறாய். எப்படியடா மனசு வந்தது? உன் கூட்டத்துக்கு ஆள் பிடிக்க அவர் என்ன மைக்செட்டா? உடம்பு முழுக்க நோயோடு கிடந்தும் ஒரு பொய் சொன்னதில்லை அந்த மனுஷன். எனக்குச் சப்பைக்கட்டு கட்டி எழுதாதே. அந்த அம்மா கண்ணைக் கெடுத்துக்கொண்டு நாடா தைத்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல். சொன்ன பிறகு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே.

அக்கா


நவம்பர் 12

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அடக்கம் முடிந்து வந்த அன்றே சொல்வதாகத்தான் படியேறினேன். எனக்கு முன்னாலேயே எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். புது முகங்கள் வேறு. நான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று அவர்களுக்கு அவ்வளவு ஆசை. அன்று சொன்னால் இந்தப் பழக்கம் அன்றோடு செத்துவிடும் என்று பயந்தேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த வாரம் இன்னும் கஷ்டமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெஞ்சுச் சளி பற்றி நீ எழுதிய வரிகளை நான் சபையில் வாசிக்கவில்லை. விரல் அசைந்த சந்தோஷத்தில் இருந்தார்கள், கெடுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அத்தானை நெஞ்சுதானே கொண்டுபோனது. அதற்கு ஒரு ஆளைப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் போதிக்கமாட்டேன். ஆனால் பாயில் உட்கார்ந்தால் அதே நினைப்புதான் வருகிறது.

இதையும் சேர்த்தே சபையில் சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஸ்தோத்திரம் தாத்தா மட்டும் என் பக்கத்தில் வந்து வாயைத் திறந்தார். அவருக்கும் அந்த வார்த்தை வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நான் தனியாகத்தான் இருப்பேன். நீ மன்னிப்பாயா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

தம்பி


நவம்பர் 21

அன்பான அக்காவுக்கு,

அந்தச் சட்டையை அனுப்பியதற்கு முதலில் என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் வாசலில் அது எப்படி வந்து விழுந்திருக்கும் என்றுதான் ஊசி கோக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

ஐயாமேல் எங்களுக்குக் கோபம் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். இனி அந்தப் படி ஏறுவதில்லை என்றுதான் வீட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்தால் எல்லாரும் வந்திருக்கிறார்கள். ஐயா சுவரோரம் நின்றார். யாரும் அவரை முன்னால் கூப்பிடவில்லை.

டிரைவர் காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். அவர்தான் ஆரம்பித்தார். "நாம வாங்கின பங்க நாமதான் முறையா திருப்பிக் குடுக்கணும். அப்படியே விட்டுட்டுப் போனா அந்த மனுஷனுக்கு மரியாதை இல்லை" என்றார். பிறகு முழங்கால் போட்டு, "ஆண்டவரே, ரெண்டு காலும் உங்ககிட்டயே" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. டீச்சர் இடது கையைக் கொடுத்தார். முதுகை இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்தார்கள். நான் வலது கையைக் கொடுத்தேன். அந்தக் கை ஒருநாள் உங்கள் தலையைத் தடவ வேண்டும் என்று கேட்டிருந்தேன், அக்கா. கடைசியில் தாத்தா. "எனக்குக் குடுத்தது அசைஞ்சுது ஆண்டவரே. ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுக் குழந்தைபோல் அழுதார். உங்கள் வீட்டுக்காரரை நாங்கள் அன்றுதான் அடக்கம் செய்தோம்.

எல்லாம் முடிந்ததும் ஐயா வாய் திறந்தார். "நெஞ்சு யார்கிட்டயும் இல்லையே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எழுந்து போகும் நேரத்தில் டிரைவர், குடித்துக் கெட்டுப்போகும் தன் மகனைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அதை நாங்கள் கேட்டதில்லை. மறுபடி உட்கார்ந்தோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்காரம்மா


டிசம்பர் 3

தம்பி,

நீ நலமா? மெலிந்துவிட்டாய் என்று தையல்காரம்மா தனியாக ஒரு கார்டு போட்டிருந்தார். ஒழுங்காகச் சாப்பிடு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதை நேரில் பார்க்கும்போது பேசிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தை வெள்ளிக்கிழமை சபையில் வாசி. இந்தத் தடவை ஒரு வரியும் விடாமல் வாசி. உன்னால் முடியாவிட்டால் தையல்காரம்மாவிடம் கொடு.

அம்மா, சட்டை என்னிடம்தான் இருக்கிறது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது, நான் போட்டுக்கொள்கிறேன். தையல் எங்கும் உறுத்தவில்லை. டிரைவர் அண்ணனிடம், கால் அசைக்க என் வீட்டுக்காரர் எவ்வளவு பாடுபட்டார் என்று நான் பார்த்தேன், அதைச் சொல்ல வேண்டும். தாத்தா, விரல் அசைந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு. அதற்குப் பிறகு இந்த வீட்டில் சிரிப்பே இல்லை.

தம்பி, நெஞ்சு யாரிடமும் இல்லை என்று அழுதாயாமே. அழாதே. அது என்னிடம் இருந்தது. கடைசியில் அவர் கண் அசந்தபோதெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்து அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒன்று போனதும், இன்னொன்று வரட்டும் என்பேன். வந்ததும், சரி, இன்னொன்று என்பேன். அதற்குப் பெயர் ஜெபம் என்று எனக்குத் தெரியாது. உங்கள் எல்லாரையும்விட அதிகமாகக் கேட்டது நான்தான். எனக்கும் கொடுக்கவில்லை.

நீங்கள் எல்லாரும் உங்கள் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள். என்னுடையதை என்னால் கொடுக்க முடியவில்லை. கட்டில் அப்படியேதான் கிடக்கிறது. இன்னும் நான் தரையில்தான் படுக்கிறேன். காதைத் தீட்டிக்கொண்டு, இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே கிடக்கிறேன்.

முதல் கடிதத்தில் உனக்கு ஏதாவது விண்ணப்பம் உண்டா என்று கேட்டாய். ஒன்றும் இல்லை என்றேன். இப்போது ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டிலை நான் மடக்க வேண்டும். அதற்கு எனக்குப் பலம் வேண்டும் என்று சபையைக் கேட்கச் சொல்.

அக்கா